தங்கம் தியேட்டரில் பெண்கள் வரிசை எந்தப் பக்கம்?

மேலமாசி வீதிக்காரன்:

போன மாதம் மகள் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க மதுரை மேலப்பெருமாள் மேஸ்திரி வீதிக்குப் போனோம். தங்கம் தியேட்டர் இருந்த இடத்தில் இப்போது நிற்கிறதே, அந்த ஜவுளிக்கடைதான். அம்மாவும் வந்தார். வயது 82. உள்ளே நுழைந்ததும் எல்லோரும் மாடி ஏறப் போய்விட்டோம். திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணோம்.

வாசலுக்கு வலது பக்கம், சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். ஒரு கை இடுப்பில் செருகிய சுருக்குப்பையைப் பிடித்திருந்தது. "என்னம்மா, இங்க நிக்கிறீங்க?" என்றேன். "பொம்பளை டிக்கெட் இங்கிட்டுத்தானடா குடுப்பாங்க?" என்றார்.

அம்மாவுக்கு நினைவு தடுமாறவில்லை. பேத்தி கல்யாணத்துக்கு யார் யாருக்குப் பத்திரிகை வைக்க வேண்டும் என்று எனக்கே அவர்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். வந்திருப்பது ஜவுளிக்கடைக்கு என்று நன்றாகத் தெரியும். ஆனாலும் கால் பழைய வழியில் போயிருக்கிறது. நான் என்ன செய்தேன் தெரியுமா? "அதெல்லாம் போய் எத்தனை வருஷமாச்சும்மா, வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். பின்னால் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள், அந்த அவசரம். அதன் பிறகு சேலை எடுத்து முடிக்கும்வரை அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. எதைக் காட்டினாலும் "நல்லாருக்கு" என்றார்.

ஒரு மாதமாக அது உறுத்துகிறது. நான் சின்ன வயதில் அப்பாவோடு ஆண்கள் வரிசையில்தான் போயிருக்கிறேன், அதனால் எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பெண்கள் வரிசை வலது பக்கமா, இடது பக்கமா? அம்மா நின்ற இடம் சரியான இடம்தான் என்றால் அதை அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும்.

சிம்மக்கல் பேரன்:

தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறார், நான் தட்டச்சு செய்கிறேன். இனி வருவது அவர் சொன்னது.

இடது பக்கம். எனக்குச் சந்தேகமே இல்லை. ஏனென்றால் நானே அந்த வரிசையில் நின்றவன். 1952 தீபாவளிக்குத் தியேட்டர் திறந்தபோது எனக்கு 11 வயது, ஆனால் ஏழு வயது ஆள் மாதிரி இருப்பேன். அதனால் அம்மாவோடு பெண்கள் வரிசையில் விட்டார்கள். முதல் படம் 'பராசக்தி'. தியேட்டரும் புதுசு, கதாநாயகனும் புதுசு. சிவாஜி கணேசன் என்று ஒருவர் இருப்பதே அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரியும். உள்ளே போனால் சுண்ணாம்பு வாசம். திரையை விட அந்தக் கூரைதான் முதலில் பயம் காட்டியது, அவ்வளவு உயரம்.

கதை எல்லோருக்கும் தெரியும். அண்ணன் தம்பி மூன்று பேர் ரங்கூனில், தங்கச்சி கல்யாணி மதுரையில். படத்தில் மதுரை என்று சொல்லும்போதெல்லாம் தரை டிக்கெட்டில் விசில் பறக்கும். எஸ்.எஸ்.ராஜேந்திரன் வேறு நம்ம சேடபட்டிக்காரர். ஊர்க்காரப் பையன் என்று அதற்குத் தனியாகக் கைத்தட்டல்.

எங்கள் குடும்பமும் ரங்கூனிலிருந்து வந்ததுதான். 1941 டிசம்பரில் குண்டு விழ ஆரம்பித்ததும் அம்மா என்னைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு காடும் மலையுமாக நடந்தே வந்தார். எனக்கு மேலே ஓர் அக்கா இருந்தாள். அவள் வரும் வழியிலேயே போய்விட்டாள். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேச மாட்டார்கள். அது தெரிந்தேதான் அம்மா அந்தப் படத்துக்கு வந்தாரா, தெரியாமல் வந்தாரா, எனக்குத் தெரியாது. பர்மாவில் சண்டை வந்து ஜனங்கள் ஊரை விட்டுக் கிளம்பும் கட்டம் வந்தது. அம்மா இரண்டு கையாலும் என் காதைப் பொத்தினார். கண்ணை இல்லை, காதை. படம் எனக்குத் தெரிகிறது, சத்தம் மட்டும் எங்கோ தண்ணீருக்கு அடியில் கேட்பது போலக் கேட்கிறது. அம்மா விரலில் மஞ்சள் வாசம். அந்தக் கட்டம் முடிந்து வெகு நேரம் ஆகியும் கையை எடுக்கவில்லை.

ஏன் காதைப் பொத்தினார் என்று நான் கேட்டதே இல்லை. அம்மா இறந்து 40 வருஷம் ஆகிறது. தீபாவளி வெடிச் சத்தம் கேட்டால் அவர் உள் அறைக்குப் போய்விடுவார் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அதனால் தம்பி, இடது பக்கம்தான். ஆனால் அம்மாவிடம் அப்படிச் சொல்லாதே.

கேபின் வாசல்:

வணக்கம். எனக்குத் தங்கத்தின் வரிசை பற்றித் தெரியாது. ஆனால் தியேட்டர் என்ற சொல்லைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் மாமா ஊரின் தெற்குப் பக்கம் ஒரு தியேட்டரில் ஆப்பரேட்டர். பெயர் வேண்டாம். அதுவும் இப்போது இல்லை, கல்யாண மண்டபம் ஆகிவிட்டது.

இரவு ஆட்டத்துக்கு மாமாவுக்குச் சாப்பாடு கொண்டுபோவது என் வேலை. தூக்குச்சட்டியை வைத்துவிட்டுக் கேபினிலேயே உட்கார்ந்துவிடுவேன். கார்பன் காலத்து மிஷின் அது. இரண்டு கார்பன் குச்சியை ஒன்றோடு ஒன்று தொட வைத்து மெல்ல விலக்கினால் நடுவில் தீப்பிழம்பு நிற்கும். வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது, அதற்கென்று கறுப்புக் கண்ணாடி பதித்த ஓட்டை உண்டு. பின்னால் குழிவான கண்ணாடி அந்த வெளிச்சத்தைச் சேர்த்து ஃபிலிமுக்கு அனுப்பும். குச்சி எரிய எரிய இடைவெளி கூடும், திரையில் வெளிச்சம் பழுப்படிக்கும். உடனே திருகியைத் திருப்பிக் குச்சியை நெருக்க வேண்டும். ரசிகன் கதாநாயகியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஆப்பரேட்டர் அவள் முகத்தின் நிறத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். கேபினுக்குள் அடுப்பு மாதிரி சூடு. மாமா பனியனோடு நிற்பார், அதுவும் நனைந்திருக்கும்.

ஆயிரம் அடி ஃபிலிம் 11 நிமிஷம்தான் ஓடும். அதனால் இரண்டு மிஷின். ஒன்றில் ரீல் முடியப்போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி வந்து மறையும். உடனே இரண்டாவது மிஷினின் மோட்டாரை ஓடவிட வேண்டும். ஏழெட்டு நொடியில் இன்னொரு புள்ளி. அதில் மாற்றிவிட வேண்டும். சரியாக மாற்றினால் கீழே ஒருவருக்கும் தெரியாது.

ஒருநாள் மாமாவுக்குக் காய்ச்சல். உதவியாளும் வரவில்லை. முதல் புள்ளி வந்ததும் குரல் கொடுக்கச் சொல்லி என்னைத் திரையைப் பார்க்கும் சுவர் ஓட்டைக்கு முன்னால் நிற்க வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். எனக்கு 12 வயது. சண்டைக் காட்சி. நான் சண்டையைப் பார்த்தேன், மூலையைப் பார்க்கவில்லை. திடீரென்று திரை முழுக்க வெள்ளை. ஒரு நொடி முழு அமைதி. அப்புறம் கீழேயிருந்து எழுந்த சத்தம் இருக்கிறதே, கட்டடமே எழுந்து நின்ற மாதிரி. மாமா பாய்ந்து வந்து மாற்றிவிட்டார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. தூக்குச்சட்டியைக் கழுவித் தந்து, "நேரமாச்சு, வீட்டுக்குப் போ" என்றார். மறுநாளும் சாப்பாடு கொண்டுபோனேன். ஆனால் அதற்குப் பிறகு ஓட்டைக்கு முன்னால் நிற்கச் சொன்னதே இல்லை. அடித்திருந்தால் மறந்திருப்பேன்.

கணக்குப்பிள்ளை:

கேபின் வாசல் சொன்னது அருமை, ஆனால் அது வேறு தியேட்டர். இங்கே பேச்சு தங்கத்தைப் பற்றி. அதனால் தங்கத்தைப் பற்றி ஊரில் உலவும் ஒரு பேச்சைச் சரிசெய்ய வேண்டும் என்று நினைக்கிறேன். "தங்கத்தில் எந்தப் படமும் ரொம்ப நாள் நிற்காது, ராசி இல்லாத தியேட்டர்" என்று என் அப்பா காலத்திலிருந்து சொல்கிறார்கள். எனக்கு இது கேட்கும்போதெல்லாம் வலிக்கும். ராசி அல்ல, கணக்கு.

தங்கத்தில் இருக்கைகள் 2,563. ஆசியாவிலேயே பெரிய தியேட்டர் என்று ஊரே சொல்லிக்கொண்டதற்கு இந்த எண்தான் காரணம். ஒரு நாளைக்கு மூன்று ஆட்டம் என்று வைத்துக்கொண்டால் 7,689 பேர். 1951 கணக்கெடுப்பில் மதுரை நகரத்தின் மக்கள்தொகை 3,60,000 சொச்சம். 47 நாள் எல்லா ஆட்டமும் நிறைந்தால் தொட்டில் குழந்தை முதல் படுத்த கிழவர் வரை ஊரே பார்த்து முடித்திருக்கும்! அப்புறம் யார் வருவார்கள்? ஆயிரம் பேர் உட்காரும் தியேட்டர் 100 நாளில் எத்தனை பேருக்குக் காட்டுமோ, அத்தனை பேருக்குத் தங்கம் 39 நாளில் காட்டிவிடும். போஸ்டரில் 100ஆவது நாள் என்று போடுவது சின்னத் தியேட்டருக்குத்தான் எளிது. தங்கத்தின் ஐந்தரை வாரம் அதற்குச் சமம்.

அதே கணக்குதான் பின்னால் அதைச் சாய்த்தது. 200 பேர் வந்தாலும் அதே மின்விசிறிகள், அதே விளக்கு, அதே ஆட்கள். 80களில் வீடியோ டெக் வாடகைக்கு வந்தது. 1993இல் சன் டிவி வந்தது. அடுத்த இரண்டு மூன்று வருஷத்தில் தங்கம் ஓட்டத்தை நிறுத்திக்கொண்டது. சின்னத் தியேட்டர்கள் குளிர்சாதனம் போட்டு, இரண்டாகப் பிரித்துத் தப்பித்தன. அவ்வளவு பெரிய கூடத்தை எப்படிப் பிரிப்பது?

என் சொந்த அனுபவம் ஒன்றுதான். கடைசிக் காலத்தில் ஒரு மத்தியான ஆட்டம். படம் ஓடிக்கொண்டிருக்கிறது, கூட்டமே இல்லை. ஒரு புறா பால்கனியிலிருந்து கிளம்பி, ஒளிக்கற்றைக்குள் புகுந்து, திரை வரைக்கும் பறந்து போயிற்று. அதன் நிழல் திரையில் விழுந்தது, ஓர் ஆள் உயரத்துக்கு. யாரும் கத்தவில்லை. கத்துவதற்கு ஆள் இல்லை. நான் வருகிறவர்களின் தலையை எண்ணும் பழக்கம் உள்ளவன். அன்றைக்கு எண்ணினேன். 61.

கீழவெளி வீதி:

கணக்குப்பிள்ளை ஐயா, கணக்கு சரி. ஆனால் மதுரை என்றாலே தங்கம் என்று பேசுவதை ஏற்க மாட்டேன். தங்கம் ஊருக்கே பொதுவான தியேட்டர். திருவிழாவுக்குப் போவது போலக் கிளம்பிப் போவோம். தெருத் தியேட்டர் என்றால் எங்கள் சிந்தாமணி. 1937இல் வந்த 'சிந்தாமணி' படம் ஒரே தியேட்டரில் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிய முதல் தமிழ்ப் படம். தியாகராஜ பாகவதர், அசுவத்தம்மா நடித்தது, ஒய்.வி.ராவ் இயக்கியது. அதில் கிடைத்த லாபத்தில் மதுரையிலேயே ஒரு தியேட்டரைக் கட்டி, படத்தின் பெயரையே வைத்தார்கள். ஒரு படம் கட்டடமாக மாறி நின்றதென்றால் அது சிந்தாமணிதான். அதுவும் போய்விட்டது. அங்கேயும் ஜவுளிக்கடை வந்தது.

என் பாட்டி ராத்திரி முறத்தோடு வாசலில் உட்கார்ந்து அரிசி புடைப்பார். தியேட்டரிலிருந்து பாட்டுச் சத்தம் வரும். எந்தப் பாட்டு வந்தால் இடைவேளை, எந்தப் பாட்டுக்கு அப்புறம் தாத்தா வருவார் என்று தெரியும். அதற்குத் தகுந்தாற்போல் அடுப்பைப் பற்றவைப்பார். அந்தப் படங்களில் பாதியை அவர் பார்த்ததே இல்லை. தங்கத்துக்கு இப்படி ஒரு பாட்டி உண்டா என்று கேட்கிறேன்.

அண்ணாசாலை:

சென்னையிலிருந்து ஒரு குறுக்கீடு, மன்னியுங்கள். எங்களுக்கு சஃபையர். 1964இல் திறந்தது. ஒரே வளாகத்தில் சஃபையர், புளூ டைமண்ட், எமரால்ட் என்று மூன்று தியேட்டர். அப்போது புளூ டைமண்டில் தொடர் காட்சி. எப்போது வேண்டுமானாலும் நுழையலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்க்கலாம். வேலை தேடி அலைந்த காலத்தில் நேர்முகத் தேர்வு முடிந்து அங்கேதான் போவேன், ஏசிக்காக. ஒருநாள் பக்கத்து இருக்கையில் ஒருவர் குறட்டை விட்டுத் தூங்கினார். விளக்குப் போட்டதும் பார்த்தால், காலையில் எனக்கு முன்னால் அதே வேலைக்கு நேர்முகத்துக்குப் போனவர். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எதுவும் பேசவில்லை. அடுத்த காட்சியும் சேர்ந்து பார்த்தோம்.

வில்லாபுரம் அக்கா:

தம்பி, மேலமாசி வீதி, உள்ளே நுழையும்போது வலது கைப் பக்கம்தான் பெண்கள் வரிசை. தாத்தா சொல்வதைத் தப்பென்று சொல்லவில்லை, 52க்கும் நான் போன காலத்துக்கும் நடுவில் மாற்றியிருக்கலாம். நான் போனது 70களில். அந்த வரிசை எனக்கு மறக்காது. சொல்கிறேன்.

சித்தி, நான், தம்பி. எனக்கு 13, தம்பிக்கு 6. தம்பி கையை விடக் கூடாது என்று வீட்டிலிருந்தே உத்தரவு. மேட்னி. படம் முடியும்போது என்ன நடக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். கடைசிக் காட்சி ஓடும்போதே பக்கவாட்டுக் கதவுகளை வரிசையாகத் திறப்பார்கள். வெயில் கத்தி மாதிரி உள்ளே விழும். திரையில் படம் வெளுத்துப் போகும். 2,000 பேரும் ஒரே சமயத்தில் எழுந்திருப்பார்கள். கண் கூசுகிறது, ஒன்றும் தெரியவில்லை. நான் கீழே கையை நீட்டினேன். ஒரு சின்னக் கை என் கைக்குள் வந்தது. இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கூட்டம் தள்ளிக்கொண்டு போனது. அந்தக் கையும் என்னை இறுக்கிப் பிடித்தது. வியர்வையில் நழுவ நழுவத் திரும்பத் திரும்பப் பிடித்தது.

தெருவுக்கு வந்து குனிந்து பார்த்தேன். என் தம்பி இல்லை. வேறு பையன். அவனும் அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அவனும் வேறு யாரையோ பிடித்திருப்பதாக நினைத்து வந்திருக்கிறான்.

கையை உதறிவிட்டு ஓடினேன். "தம்பி, தம்பி" என்று கத்திக்கொண்டு கூட்டத்துக்கு எதிராக ஓடினேன். என் தம்பி உள்ளேயே, எங்கள் பெஞ்சுக்குப் பக்கத்தில், சித்தி கையைப் பிடித்து நின்றுகொண்டிருந்தான். எனக்குத்தான் தெரியவில்லை. சித்தி முதுகில் ஓர் அறை வைத்தார், அதோடு எங்கள் கதை முடிந்தது. திரும்பி வெளியே வந்தபோது அந்தப் பையன் நின்ற இடத்தில் இல்லை. தேடினேன் என்று சொல்ல ஆசை. தேடவில்லை. சித்தியிடம் சொல்லக்கூட இல்லை, இன்னொரு அறை விழும் என்று.

அவன் என்னை நம்பி வந்தான். நான் உதறினேன். ஐம்பது வருஷம் ஆகப்போகிறது. என் தம்பிக்குப் பேரன் பிறந்துவிட்டான். கூட்டத்தில் பேரன் பேத்தி கையைப் பிடிக்கும்போதெல்லாம் முதலில் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பிடிக்கிறேன்.

பழைய காகிதம்:

என்னிடம் தங்கம் தியேட்டரின் கிழிந்த அரை டிக்கெட் ஒன்று இருக்கிறது. அப்பாவின் டைரிக்குள் இருந்தது. எந்தப் படம், யாரோடு போனார் என்று எதுவும் எழுதவில்லை. அம்மாவோடு இல்லை, அது கல்யாணத்துக்கு முந்திய டைரி. அவ்வளவுதான் என் அனுபவம்.

ஆனால் இதைப் படிப்பவர்கள் வீட்டில் இப்படி டிக்கெட், பட நோட்டீஸ், பாட்டுப் புத்தகம் கட்டாயம் இருக்கும். தயவுசெய்து கேளுங்கள். லேமினேட் செய்யாதீர்கள். செய்யவே செய்யாதீர்கள். சூட்டில் பிளாஸ்டிக்கை ஒட்டியபின் அந்தக் காகிதத்தைத் திரும்ப எடுக்கவே முடியாது, உள்ளேயே பழுத்து நொறுங்கும். பாட்டுப் புத்தகத் தாள் மட்டமான மரக்கூழில் செய்தது, அதில் அமிலம் இருக்கும். வெயிலும் ஈரமும் பட்டால் அப்பளம் மாதிரி உடையும். செலோ டேப் ஒட்டாதீர்கள். டேப் உதிர்ந்தபின் பசை மட்டும் பழுப்புக் கறையாக நிற்கும். கிழிந்திருந்தால் கிழிந்தபடியே இருக்கட்டும்.

அமிலம் இல்லாத தாள் என்று கேட்டால் பெரிய நகரத்து ஓவியப் பொருள் கடைகளில் கிடைக்கும். அதில் பொதிந்து, தட்டையாக, மரப்பீரோவில் இல்லாமல் அதேபோல் அமிலம் இல்லாத அட்டைப் பெட்டியில் வையுங்கள். மடிப்பை நிமிர்த்தும்போது ஒரே நாளில் நிமிர்த்தாதீர்கள், மேலே கனமான புத்தகத்தை வைத்து ஒரு வாரம் விடுங்கள். பின்பக்கம் பென்சிலால் மட்டும் எழுதுங்கள், பேனா ஊறும். எழுத வேண்டியது: யாருடையது, எந்த ஊர், யார் சொல்லித் தெரிந்தது. முக்கியமாக, பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். நான் அப்பாவிடம் கேட்கவில்லை. பிறகு 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் சேமியுங்கள். கைபேசியில் படம் எடுப்பதாக இருந்தால் ஃபிளாஷ் போடாமல், ஜன்னல் வெளிச்சத்தில், நேர் மேலிருந்து எடுங்கள். அந்துப்பூச்சி உருண்டையைத் தாளோடு சேர்த்துப் போடாதீர்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை பெட்டியைத் திறந்து காற்றாட விடுங்கள்.

மேலமாசி வீதி அவர்களுக்கு: அம்மாவை அடுத்தமுறை கடைக்கு அழைத்துப் போனால் நகரும் படியில் ஏற்றாதீர்கள், 80க்கு மேல் லிஃப்ட்தான் நல்லது.

கணக்குப்பிள்ளை:

பழைய காகிதம் ஐயா, நல்ல ஆலோசனை. ஆனால் மரப்பீரோ கூடாது என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். என் வீட்டுத் தேக்குப் பீரோவில் 1960களின் நோட்டீஸ் இன்றும் பளிச்சென்று இருக்கிறது. கீழவெளி வீதிக்கு: தங்கத்துக்கும் ஒரு பாட்டி இருந்திருப்பார். நீங்கள் கேள்விப்படவில்லை என்பதால் இல்லை என்று ஆகாது.

பசை வாளி:

நான் 1999, 2000 வாக்கில் வேறொரு தியேட்டருக்குப் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தேன். அது எந்தத் தியேட்டர் என்பது முக்கியமில்லை. ராத்திரி 12 மணிக்கு மேல் வேலை. மைதாவைக் காய்ச்சி, கொஞ்சம் மயில்துத்தம் போட்டு இறக்கினால் பசை. துத்தம் போடாவிட்டால் மாடு போஸ்டரைத் தின்றுவிடும். ஒரு வாளி, ஒரு தென்னைமட்டைத் தூரிகை, சைக்கிள், ஓர் ஏணி.

அப்போது தங்கம் பூட்டிக் கிடந்தது. நாங்கள் ஒட்டுவதற்கு ஊரிலேயே நல்ல சுவர் அதுதான். அகலம், உயரம், நடமாட்டம் உள்ள தெரு. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். படம் ஓடிய தியேட்டரின் சுவரில் மற்ற தியேட்டர் படங்களின் போஸ்டர். ஒன்றின் மேல் ஒன்றாகத் தடித்து, மழையில் ஊறிப் பாளம் பாளமாகத் தொங்கும். அப்போது எனக்கு அது ஒன்றும் தோன்றவில்லை. 19 வயது. ஒரு சுவருக்கு இவ்வளவு கூலி என்று மட்டும் தெரியும்.

ஒரு ராத்திரி ஏணியில் நிற்கிறேன், உள்ளேயிருந்து கம்பிக் கதவைத் திறந்துகொண்டு காவல்காரர் வந்தார். வயதானவர், கழுத்தில் துண்டு. விரட்டப்போகிறார் என்று நினைத்து வாளியைத் தூக்கினேன். அவர் வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார். "ஆடுதுல்ல, விழுந்துடப்போற" என்றார். நான் மேல் தாளை ஒட்டி முடிக்கும்வரை பிடித்திருந்தார். அப்புறம் சற்றுத் தள்ளிப்போய் நின்று, தெருவிளக்கு வெளிச்சத்தில் போஸ்டரைப் பார்த்தார்.

"கூட்டம் வருதா?" என்றார்.

"சுமார்தான்யா" என்றேன். உண்மையில் நல்ல கூட்டம். முதல் வாரம் முழுக்க ஹவுஸ்ஃபுல். ஏன் பொய் சொன்னேன் என்று அப்போது தெரியவில்லை. அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்த இருட்டைப் பார்த்ததும் வாய் அப்படிச் சொல்லிவிட்டது. அவர் தலையை ஆட்டினார். "இங்க போடவேண்டிய படம்" என்றார். போஸ்டரின் கீழ் மூலை ஒன்று பிரிந்திருந்தது. அதைத் தன் உள்ளங்கையால் அழுத்தி ஒட்டிவிட்டு உள்ளே போய்க் கதவைப் பூட்டிக்கொண்டார்.

அதற்குப் பின் அந்தச் சுவரில் ஒட்டினேனா என்று கேட்டால், ஒட்டினேன். வேலை அது. ஆனால் தாளின் கீழ் மூலையை நானே இரண்டு தடவை அழுத்திவிட்டுத்தான் இறங்குவேன்.

கேபின் வாசல்:

பசை வாளி அண்ணே, அந்தத் துத்தம் விஷயம் சரி, எங்கள் தெரு மாடுகளுக்கு நன்றாகத் தெரியும் எது தியேட்டர் போஸ்டர், எது கட்சிப் போஸ்டர் என்று.

வில்லாபுரம் அக்கா சொன்ன கதவு திறக்கும் விஷயத்துக்கு மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். கேபினிலிருந்து பார்ப்பவனுக்கு அது வேறு மாதிரி. "சுபம்" வருவதற்கு முன்பே கதவைத் திறந்துவிடுவார்கள், மாமாவுக்கு அது பிடிக்கவே பிடிக்காது. "இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்குடா" என்பார். கீழே யாரும் திரையைப் பார்க்கவில்லை என்று தெரிந்தும் கடைசி அடி ஃபிலிம் ஓடி முடியும்வரை கார்பனைத் திருகிக்கொண்டேதான் இருப்பார்.

மேலமாசி வீதிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் அம்மாவிடம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். வலதா, இடதா என்று இத்தனை பேர் பேசுகிறார்கள் என்றேன். அம்மா அதைக் கண்டுகொள்ளவில்லை. "நீ எப்படியும் அன்னைக்கு என்னைய இழுத்துட்டுத்தான போன" என்றார். ஆமாம்மா, தப்புத்தான் என்றேன். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச்சு இல்லை.

சிம்மக்கல் தாத்தா எழுதியதைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். காதைப் பொத்திய இடம் வந்ததும் வெறுமனே தலையை ஆட்டினார்.

வில்லாபுரம் அக்காவுக்கு ஒரு செய்தி. அம்மா சொன்னபடியே எழுதுகிறேன்: "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு. தங்கத்துல தினம் ரெண்டு பிள்ளை தொலையும். ரெண்டும் கிடைச்சிரும். எதிர்ல சோடாக்கடை இருந்துச்சுல்ல, அங்க பெட்டியக் கவுத்துப் போட்டு உக்கார வச்சு, கையில ஒரு சோடாவக் குடுத்துருவாங்க. தேடி வர்றவங்க நேரா அங்கதான் வருவாங்க. நான் எத்தனையோ தடவை பாத்துருக்கேன். ஒருதடவை நானே ஒரு பையனக் கொண்டுபோய் உக்கார வச்சேன்."

அப்புறம் படுக்கப் போனவர் பாதியில் திரும்பி வந்தார். "அந்தப் பையன் என்ன சட்டை போட்டிருந்தான்னு கேளு" என்றார்.

வில்லாபுரம் அக்கா:

நீலக் கட்டம் போட்ட சட்டை. மேலே இரண்டு பித்தான் இல்லை, ஊக்கு குத்தியிருந்தது. அம்மாவிடம் சொல்லுங்கள்.